நிமிர்ந்து நிற்க ஒரு கூடாரம்

அருள்நாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றிக் கூடாரத்துக்குள் நுழைந்தார். பாதி உடம்பு உள்ளே போனது. மீதிப் பாதி வெயிலிலேயே நின்றுவிட்டது.

“அப்படியே இருங்க, வெளிய வந்துறாதீக” என்றாள் அவர் மனைவி வியாகுலம்மாள். “பாய், இதச் செத்த பாருங்க. மனுசன் போற வாசலா இது? ஆட்டுக்குட்டிய அடைக்கலாம்.”

சனாவுல்லா பல்லைக் கடித்துக்கொண்டார். திண்டுக்கல்லில் அவருக்குத் தார்ப்பாய் வியாபாரம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றும் லாரிகள் பாதிக்கு அவர் தார்ப்பாய்தான். பட்டாளத்து ஏலத்தில் ஆசைப்பட்டு எடுத்த மூன்று கூடாரங்கள் மட்டும் இரண்டு வருடமாகச் சீந்துவாரில்லாமல் கிடந்தன. இன்று காலை இந்தத் தம்பதி வந்து கேட்டதும், கடைக்குப் பின்னாலிருந்த பொட்டலில் மூன்றையும் கட்டி நிறுத்தியிருந்தார்.

அருள்நாதன் கோர்ட்டில் குமாஸ்தா, வியாகுலம்மாள் பள்ளிக்கூடத்து டீச்சர். இருவரும் அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார்கள். இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிறுமலை, வைகை அணை என்று காடு மலைகளில் தங்கப் போவதாகப் பேச்சு.

அது யாருடைய ஆசை என்று சனாவுல்லா கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? முப்பது வருடம் கட்டுக்கட்டாகக் காகிதத்தைப் பார்த்த மனுசன், கொஞ்சம் காட்டைப் பார்க்க ஆசைப்படுகிறார். அதைக் கெடுக்க இந்த அம்மாள் கூடவே வந்திருக்கிறாள்.

“அம்மா, ராத்திரி படுக்கத்தான் கூடாரம். உள்ள நின்னுக்கிட்டு என்ன செய்யப் போறீக?”

“மழை புடிச்சா ரெண்டு நாளைக்கு உள்ளயே கெடக்கணும் பாய். காலையில எந்திரிச்சுத் துணி மாத்தணும். படுத்துக்கிட்டா மாத்துறது?”

“பட்டாளத்துக்காரன் இதுல படுத்துத்தான் சண்டையே போட்டான்.”

“அவன் எளந்தாரிப் பய. கெழட்டு முழங்காலு இதுக்கு மடங்குமா?”

அருள்நாதன் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தார். முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இந்த வயதில் பெண்டாட்டி முன்னால் இப்படியா ஒரு மனுசன் அடங்கிப் போவான் என்று சனாவுல்லாவுக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டாவது கூடாரம் கொஞ்சம் உயரம். அதற்கும் அருள்நாதனைத்தான் உள்ளே அனுப்பினாள். அவர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“பாத்தீகளா, கோழி திருடப் போனவன் மாதிரி நிக்கிறாரு” என்றாள். பிறகு அடித்திருந்த முளையைக் காலால் ஓர் உந்து உந்தினாள். அது பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது. “சிறுமலைக் காத்துக்கு இது அஞ்சு நிமிசம் நிக்குமா பாய்?”

உந்திய காலில், சேலைக்கு அடியில், செம்மண் அப்பிக் காய்ந்த கான்வாஸ் ஷூ தெரிந்தது. மகன் போட்டுக் கழித்ததாக இருக்கும், செருப்பில்கூடக் கஞ்சத்தனம் என்று மனதுக்குள் ஏளனம் செய்துகொண்டார் சனாவுல்லா. “பொம்பளைகளுக்கு இதெல்லாம் தெரியாதும்மா. சாரு சொல்லட்டும்” என்றார்.

சார் சாய்ந்த கழுத்தைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்.

மூன்றாவது, பெரிய அதிகாரிகளுக்கென்று தைத்தது. கட்டி நிறுத்தவே இரண்டு சுமைக்காரர்கள் வேண்டியிருந்தது. வியாகுலம்மாள் இந்தத் தடவை புருசனை ஏவவில்லை. தானே தலை குனியாமல் உள்ளே போனாள். அங்குமிங்கும் நடந்தாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பார்த்தாள். துணி கையில் இடிக்கவில்லை.

“நாலு பேரு தாராளமாப் படுக்கலாம்” என்றாள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

வெளியே வந்தபோது குரல் தணிந்திருந்தது. “முழங்காலை மடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு பாய். இந்த மாதிரி ஒண்ணு கெடைச்சாத்தான் போறது. இல்லன்னா காடும் வேணாம், மலையும் வேணாம்னு வீட்டுல உக்கார வேண்டியதுதான்.”

அருள்நாதன் முகம் வாடிப்போனது. சனாவுல்லாவுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. முழங்காலைச் சாக்காக வைத்தே மனுசனைக் கட்டிப்போடப் பார்க்கிறாள்.

“கயிறெல்லாம் பழசா இருக்கு. புதுசு இருந்தா எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வியாகுலம்மாள் கடைக்குள் போனாள்.

அவள் மறைந்ததும் சனாவுல்லா அருள்நாதனிடம் நெருங்கி வந்தார்.

“சார், நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீக. அந்தப் பெருசு ரெண்டு ஆள் சொமை. காட்டுல யாரு தூக்குறது? நீங்க மொதல்ல பாத்தீகளே, அந்தச் சின்னது, கக்கத்துல இடுக்கிட்டுப் போயிறலாம். சாயங்காலமா நீங்க மட்டும் வாங்க, கட்டி வைக்கிறேன். அம்மாவுக்குத் தெரிய வேணாம்.”

அருள்நாதன் அவரை உற்றுப் பார்த்தார்.

“அம்மாவக் கூட்டிட்டு வந்தீக பாருங்க, அதுதான் தப்பு” என்றார் சனாவுல்லா. “உள்ள படுக்கப் போறது யாரு, கொறை சொல்றது யாரு?”

அருள்நாதன் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டு சொன்னார்:

“போறது அவதான் பாய். நான் பஸ் ஏத்தி விடுறவன்.”