சத்தக் குழாய்

ஒரு ஜப்பான் பந்தயக் கார். வாங்கின புதுசிலேயே முதலாளி அதன் சைலன்சரைக் கழற்றிக் கொட்டகை மூலையில் போட்டுவிட்டு, அது இருந்த இடத்தில், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உறுமும் ஒரு சத்தக் குழாயை மாட்டினார். "ஊமையண்ணே, சௌக்கியமா?" என்று குழாய் அந்த மூலையைப் பார்த்துக் கேலி பேசாத நாளில்லை.

வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்தது. ரெண்டு கதவுக் காரில் இடம் போதவில்லை, விற்க வேண்டியதாயிற்று. வாங்க வந்தவர், கம்பெனியில் வந்த மாதிரியே வேண்டும் என்றார். குழாய் இறங்கியது, சைலன்சர் ஏறியது.

"பாட்டுக்காரத் தம்பி, மூலையிலே சிலந்தி தனியா இருக்கு. போய்ப் பாடிக் காட்டு" என்றது சைலன்சர்.

இனி பழைய இரும்புக் கடைதான் என்று குழாய்க்கு உள்ளெல்லாம் கரித்தது. கார் சத்தமில்லாமல் தெருமுனை திரும்பியது. முதலாளி குழாயை எடுத்து மடியில் வைத்துத் துடைத்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, அதன் வாயில் வாய் வைத்து மெதுவாக, "புர்ர்ர்" என்றார்.