கிடியன் பிடித்த கை

அவைத்தலைவரின் சுத்தியல் மேசையில் விழுந்து ஓய்கிறது. கறுப்பர்கள் இனிச் சட்டசபையில் உட்காரக் கூடாது என்ற தீர்மானம் நிறைவேறிவிட்டது. மற்ற கறுப்பு உறுப்பினர்கள் வெளியேறிய பிறகும் வக்கீல் எஸேக்கியல் டாலிவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. செப்டம்பர் வெயில் உயர்ந்த ஜன்னல் வழியே சாய்ந்து, மடிமேல் கிடக்கும் அவருடைய கைகளில் விழுகிறது. அடிமையாகப் பருத்தி பறித்து வெடித்துப்போன விரல்கள்; சட்டப் புத்தகத்தைப் புரட்டியதெல்லாம் அதற்கப்புறம்தான். சுற்றிலும் புகையிலை வாடையும் சிரிப்பும். பின்வரிசையில் யாரோ சேவல் மாதிரி கூவுகிறார். வாசல் காவலர் கிடியன் தயங்கித் தயங்கி அருகே வருகிறார். அவரும் கறுப்பர்தான், டாலிவருக்கு ஓட்டுப் போட்டவர்.

"வக்கீலய்யா, எழுந்திருங்கய்யா. நான்தான் உங்கள வெளிய கொண்டுபோய் விடணுமாம்."

"ஏன், வெள்ளைக்காரன் ஒருத்தனும் கிடைக்கலியா?"

"என் கையால நடக்கணுமாம். அதப் பாக்கத்தான் எல்லாரும் உக்காந்திருக்காங்க."

"மாட்டேன்னா?"

கிடியன் குரலைத் தாழ்த்துகிறார். "நானும் உங்க பக்கத்துலயே உக்காந்துடறேன். ஆனா வீட்ல பிள்ளைங்க இருக்குங்கய்யா."

டாலிவர் அவரை நிமிர்ந்து பார்க்கிறார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுகிறார். "கையப் புடிப்பா. இன்னும் கெட்டியா. அவங்க கண்ணுல படட்டும், உன் வேலையாவது நிக்கும்."

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கிடியன் தரையைப் பார்த்தபடியே அவரை நடத்திச் செல்கிறார். இருவரும் வாசலைத் தாண்டுவதற்குள், ஒரு வெள்ளைக்காரர் டாலிவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்துவிட்டு உட்காருகிறார்.