லைட்டர் வரவு: பூஜ்யம்

வெளிநாட்டு லைட்டர் வருவது நின்றால்தான், அம்மா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸை மறுபடி திறப்பேன் என்றுவிட்டார் முதலாளி. லைட்டரை நிறுத்தச் சொல்லி மனு எழுதிக்கொண்டு நானும் அம்மாவும் சுங்க அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"பாரும்மா, லைட்டர் இறக்குமதி பூஜ்யம். வராததை எப்படி நிறுத்த?"

"பாகம் பாகமா வருது சார். உதிரிபாகம்னு வேற தலைப்புல இருக்கும், அதத் திறங்க" என்றேன்.

"மனுவுல லைட்டர்னுதான இருக்கு? காலேஜு படிச்ச புள்ளதான நீ?"

அந்தப் பூஜ்யத்தைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது எனக்கு.

பேச்சு முடிந்ததென்று சாமி படத்துக்கு ஊதுபத்தி எடுத்தார். அம்மா பதறிப்போய் இடுப்பிலிருந்த தீப்பெட்டியை எடுத்து உரசினாள். மின்விசிறிக் காற்றில் அணைந்தது. அடுத்ததும் அணைந்தது.

"விடுங்கம்மா" என்று சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தார்.

அம்மா விடவில்லை. கடைசிக் குச்சியைக் காற்றுக்கு மறைத்து, முந்தானைக்குள் வைத்து உரசிக்கொண்டிருந்தாள்.