மேஜைமேல் ஒன்றுமில்லை

அன்னமேரி செம்பூர் ஆபீஸுக்குள் கால் வைத்ததும் சடசடவென்று டிராயர்கள் மூடும் சத்தம் கேட்டது.

இன்றைக்கும் அதே கூத்துதான். மாலதி எதையோ அவசரமாக உள்ளே தள்ளிப் பூட்டினாள். பக்கத்து மேஜை வாசிமும் அப்படியே.

"என்ன மாலதி, பூட்டு பலமா இருக்கே?"

"சும்மாதான்க்கா." மாலதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டெங்குவில் மகன் அஜினைப் பறிகொடுத்துவிட்டு, அன்னமேரி வேலைக்குத் திரும்பி ஒரு மாசமாகிறது. அன்றிலிருந்தே இந்தப் பூட்டுதான். யார் மேஜைமேலும் ஒரு சாமான் கிடையாது, எல்லாம் துடைத்துவிட்டாற்போல. முன்பெல்லாம் இதே மாலதி பர்ஸைத் திறந்தே போட்டுவிட்டு, "பாத்துக்கோங்கக்கா" என்று டீ குடிக்கப் போவாளே!

ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஊரெல்லாம் கடன் வாங்கியவள், கை நீளும் என்று நினைத்துவிட்டார்கள். வேறென்ன? பிள்ளையைச் சாகக் கொடுத்தவளுக்குத் திருடிப் பட்டமும் சேர வேண்டுமா?

நேரே மேனேஜர் சங்கரன் அறைக்குப் போனாள்.

"சார், நான் வேலையை விட்டுடறேன்."

"ஏம்மா, என்னாச்சு?"

"என்னையத் திருடின்னு நெனைக்க எடத்துல எப்படி சார் உக்காந்து வேலை பாக்க?"

சங்கரன் பதறிப்போனார். "சிவ சிவா! யார் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? என்னையக் கண்டா டிராயரைப் பூட்டுதாங்களே, அது போதாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்களும்தான் ஒரு மாசமா கைப்பையை மடியிலயே வச்சுண்டு வேலை பாக்கறேள். அவா யாராவது தப்பா நெனச்சாளா? விடுங்கோம்மா."

அப்படியானால் இவருக்கும் தெரியும்! எல்லாருமாகச் சேர்ந்துதான் செய்கிறார்கள்.

அன்னமேரி விடுவிடுவென்று வெளியே வந்து மாலதி முன்னால் நின்றாள்.

"டிராயரைத் தொற."

"வேண்டாம்க்கா."

"எல்லார் முன்னாலயும் தொற. நான் எதை எடுத்துருவேன்னு பயப்படுதியோ, அதை நானும் பாக்கணும்."

"ரெஹ்னே தோ, தீதி" என்று வாசிம் இந்தியில் கெஞ்சினான். விடச் சொன்னால் விடுகிற நிலையிலா இருந்தாள்?

மாலதி சாவியைப் போட்டுத் திறந்தாள்.

உள்ளே ஒரு போட்டோ. ஸ்கூல் யூனிபார்மில், முன்பல் இல்லாமல் சிரிக்கிற மாலதியின் மகன். முன்பு மேஜைமேல் இருந்த அதே படம்.

வாசிமும் தன் டிராயரைத் திறந்தான். அவனுடைய இரண்டு பெண்பிள்ளைகள்.

"உங்க கண்ணுல படக்கூடாதுன்னு, சார்கூட அவர் பேரன் படத்தை எடுத்து உள்ள வச்சுட்டார்க்கா." மாலதி அழுதுவிட்டாள். "நீங்க வர்றதுக்கு முன்னால ஒரு தடவை எடுத்துப் பாத்துக்குவோம். அவ்வளவுதான்."

அன்னமேரி அப்படியே தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியை விட்டு இறக்காத அந்தக் கைப்பையைத் திறந்து, அஜினின் போட்டோவை எடுத்து மேஜைமேல் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"இதைப் பாத்தா நீங்கல்லாம் சிரிச்சுப் பேசாம இருந்துருவீங்களேன்னு, நானும் ஒளிச்சுதான் வச்சிருந்தேன் மாலதி."