நூற்று நாற்பது

"போன வாரம் பார்த்தப்போ துடிப்பு எழுபத்திரண்டு. இன்னிக்கு நூத்தி நாப்பது. எப்படிங்க?"

மயக்க மருந்து டாக்டர் கல்பனா மானிட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

துரைக்கண்ணுவுக்கு என்ன தெரியும்? ஆபரேஷனுக்குக் குறித்த மூன்றாவது தேதி இது. ஒவ்வொரு முறையும் தியேட்டர் வாசல்வரை வந்ததும் மனைவி மணியம்மையின் இதயம் தறிகெட்டு ஓடியது, ஆபரேஷன் தள்ளிப்போனது. அதற்குள் தொண்டைக் கட்டி வளர்ந்து அவள் பேச்சு வெறும் காற்றாகிவிட்டது. இப்போது மூச்சும் இழுத்தது.

"இன்னிக்கும் இல்லீங்களா டாக்டரம்மா? இன்னொரு வாட்டி தள்ளினா மூச்சே நின்னுடும்னு சொல்லிக்கினு இருந்தீங்களே!"

"ஐயா, தொண்டையில குழாயை விடும்போது உடம்பு மிரண்டுபோய் இதயத்தை விரட்டும். ஏற்கெனவே இப்படி ஓடுற இதயம் தாங்காது. எட்டு வருஷமா இவங்க போடுற பிரஷர் மாத்திரை இருக்கே, அது அந்த விரட்டல் நுழையற கதவைச் சாத்தி வைக்கும். சாத்தின கதவு எப்படித் திறந்துச்சுன்னுதான் புரியல. ஊசியில இறக்கலாம், காரணம் தெரியாம இறக்கினா ஆபத்து. மாத்திரையை மறந்துட்டாங்களா?"

"நான்தாங்க எடுத்துக் குடுக்கறேன். ஒரு நாள் மறந்ததில்ல."

மணியம்மை அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள். உதடுகள் அசைந்தன.

"பேசாத மணி. தொண்டைக்கு ஆவாது."

முந்தைய இரண்டு முறையும் அப்படித்தான் இழுத்தாள். அப்படித்தான் அடக்கினார்.

ஜன்னலில் மலைக்கோயில் தெரிந்தது. "முருகா, இன்னும் நான் இன்னாதான்பா செய்யணும்?" துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் இருவர் மணிக்கட்டிலும் கட்டியிருந்த மஞ்சள் கயிறு கல்பனாவின் கண்ணில் பட்டது.

"இது என்னம்மா?"

குனிந்து, மணியம்மையின் உதட்டருகே காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

நிமிர்ந்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"ஐயா, மாத்திரையை நீங்க மறக்கல, நிறுத்திட்டீங்க. ஆபரேஷன் நல்லா நடக்கணும்னு ஒவ்வொரு தடவையும் மூணு நாள் முன்னாடி காப்பு கட்டி, ஒருபொழுது சோறு தவிர வேற எதுவும் வாயில படக்கூடாதுன்னு, அந்த மாத்திரையை நீங்களே எடுத்து ஒளிச்சு வெச்சீங்களாம். சட்டுனு நிறுத்தினதாலதான் இந்த ஓட்டம். இப்போ அதே வகை மருந்தை ஊசியில ஏத்தி, துடிப்பை இறக்கிட்டு ஆபரேஷனை ஆரம்பிக்கிறோம். இனிமே விரதம் நீங்க இருங்க. மாத்திரையை அவங்க போடட்டும்."