நாற்பது பேருக்கு ஒன்று

டோக்கன் போய்ப் பதினேழு நிமிடம் ஆகிறது.

ஆணி காலியாக இருக்கிறது. சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால், சுவரில், கண்ணுக்கு நேராக.

தையல் கம்பெனியின் நாலாம் லைனில் நாற்பது பெண்கள். கக்கூசுக்குப் போக ஒரே டோக்கன். உள்ளங்கை அளவு மஞ்சள் பிளாஸ்டிக். அது ஆணிக்குத் திரும்பினால்தான் அடுத்தவள் எழலாம்.

அவள் தொடையை இறுக்கிக்கொண்டு தைத்தாள்.

எல்லாம் அந்தத் தண்ணீரால்.

வழக்கமாக அவள் குடிப்பதில்லை. லைனில் யாரும் குடிப்பதில்லை. காலையில் நின்றபடி ஒரு டம்ளர் காபி, மத்தியானச் சோற்றோடு இரண்டு மடக்கு. உடம்பு பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. இந்த வருடத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"மாத்திரை மட்டும் பத்தாது. தண்ணி குடிக்கோணும். அடக்கி வெக்காத. இன்னொருக்கா வந்தா கிட்னிதான் போகும்."

நேற்று கம்பெனிக்கு ஒரு மேடம் வந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, வேலைக்குப் போகிற பெண்கள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார். உங்களுக்கென்று தினம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சாப்பாட்டு நேரம் அரை மணி. அதில் இருபது நிமிடத்தை மேடம் பேசியே தின்றுவிட்டார்.

இன்று அவள் தனக்காக ஒன்று செய்தாள். ஒன்பது மணிக்குள் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

பக்கத்து மிஷின் ரேணுகாதேவி வாயைப் பிளந்தாள். "ஏனுங்க்கா, இன்னைக்கு லீவுன்னு நெனச்சுட்டீங்களா?"

இப்போது மணி பத்தேகால்.

இடப்பக்கமிருந்து சட்டை பீஸ் வந்து விழுந்துகொண்டே இருந்தது. இவள் காலர் வைத்தால்தான் ரேணுகா சட்டைக்குக் கை தைக்க முடியும்.

கையைத் தூக்கினாள். சூப்பர்வைசர் தனபால் அவளைப் பார்த்தான். ஆணியைப் பார்த்தான்.

"கோகிலா எடுத்துட்டுப் போயிருக்கறா. வரட்டும்."

"போயி எவ்வளவு நேரமாச்சுங்க சார்."

"அத அவளக் கேளு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "கக்கூசுலயே குடித்தனம் வெச்சுட்டாளாட்ட இருக்குது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடிவயிறு எரிந்தது. மிஷினின் ஒவ்வொரு உதறலும் அங்கே போய் இறங்கியது. காலர் கோணியது. பிரித்தாள். மறுபடி கோணியது.

மனதுக்குள் கோகிலாவைத் திட்டினாள். பச்சை பச்சையாக. ஆணி அடித்தவன் நினைப்பே வரவில்லை.

மிஷினை நிறுத்தினாள்.

எழுந்தாள்.

"ஏய், டோக்கன் இல்லாம எங்க போற? பேரு போர்டுல ஏறிரும் பாத்துக்க."

ஏறட்டும் என்று சொல்லலாம். வாயைத் திறந்தால் அடக்கி வைத்தது கைமீறிப் போய்விடும். நடந்தாள். ஓடவும் முடியாது.

நாலு கதவுகள். இரண்டுக்குப் பூட்டு. ஒன்றில் அடைப்பு, சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். கடைசிக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

தட்டினாள்.

உள்ளங்கையால் அறைந்தாள்.

"கோகிலா! செத்துட்டயாடி?"

உள்ளே ஏதோ இடறியது. தாழ்ப்பாள் விலகியது.

கோகிலாவின் கன்னத்தில் சுவர் டைல்ஸின் கோடு பதிந்திருந்தது. வாயோரம் எச்சில். பின்னால் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, தூங்கியிருக்கிறாள்.

கோகிலாவுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. இரவெல்லாம் விழித்திருக்கும் குழந்தை. லைனில் எல்லோருக்கும் தெரியும்.

திட்ட வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றிரண்டு மட்டும் வெளியே வந்தன.

கோகிலா கன்னத்தைத் தேய்த்தாள். "கண்ணு சொருகிருச்சுங்க்கா" என்றாள். டோக்கனை அவள் கையில் திணித்தாள். "நீங்க வெச்சுக்குங்க. நான் என்னமோ சொல்லிக்கறேன்."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

எரிந்துகொண்டே போனது. கண்ணில் நீர் முட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். பாதியில் எழுந்து ஓடாமல், முடியும்வரை இருந்தாள்.

எத்தனை மாதம் ஆயிற்று, இப்படி முடியும்வரை இருந்து.

தண்ணீர் ஊற்றினாள். சுடிதாரைச் சரிசெய்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

மிஷின்களின் இரைச்சல் இங்கே தேய்ந்து கேட்டது. இங்கே பீஸ் வந்து விழவில்லை. யாரும் எதையும் எங்கே வைத்தாய் என்று கேட்கவில்லை. அடுப்பில் எதுவும் கொதிக்கவில்லை.

கையை எடுத்தாள்.

பக்கெட்டின்மேல் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம்.

முதுகு சுவரில் சாய்ந்தது. தலை தானாகச் சாய்ந்தது. விடிந்ததிலிருந்து அவள் நிமிர்த்திப் பிடித்திருந்த கழுத்து, விட்டுவிட்டது.

யாரோ கதவை நகத்தால் சுரண்டினார்கள்.

"அக்கா."

ரேணுகாதேவி. டோக்கன் இங்கே இருக்கிறது. அவளும் டோக்கன் இல்லாமல்தான் எழுந்து வந்திருக்கிறாள்.

"அக்கா, முடியலைங்க்கா."

கண்ணைத் திறந்தாள். கதவுக்கு அடியில் இரண்டு பாதங்கள். ஒன்று தரையை அழுத்தியது. பிறகு மற்றது. பிறகு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"இதா வந்துட்டேன்" என்றாள்.

கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள்.