எச்சில் பட்ட டம்ளர்

"வாய் வைக்காம அண்ணாந்து குடிடா. எச்சில் பட்டா உள்ள கொண்டுபோய் ஆயுசு எவ்வளவுன்னு மெஷின்ல படிச்சிருவாங்க" என்று பெண் வீட்டுப் படியேறும்போதே மகனை எச்சரித்தாள் திலகவதி.

அவன் கொதிக்கும் காபியை அப்படியே அண்ணாந்து குடித்தான். கணவர் கதிரேசனிடமும் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவர் வழக்கம்போல் ரசித்து உறிஞ்சினார்.

பெண்ணின் அம்மா டம்ளர்களை உள்ளே எடுத்துப் போனாள். சமையலறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பஜ்ஜி ஆறுவதற்குள் திரும்பியவள் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை.

"எங்களுக்குச் சம்மதங்க."

"சந்தோஷம். ஆவணியில இவரு ரிட்டயர் ஆனதும் வச்சுக்கலாம்" என்றாள் திலகவதி.

"அவ்வளவு நாள் தள்ள வேணாங்க. இந்தத் தையிலேயே முடிச்சிரலாம்."

சொல்லிவிட்டு, கதிரேசனின் தட்டில் இன்னொரு ஜிலேபியை வைத்தாள்.

"நீங்க நல்லா சாப்பிடுங்கண்ணே."